கல்லீரல் வைரஸும் மரபணுவும்: உங்கள் கேள்விகள்

டாக்டர், அம்மாவுக்கும் பிள்ளைகள் எங்கள் மூவருக்கும் ஹெபடைடிஸ் பி. அப்பாவுக்கு மட்டும் இல்லை. இது பரம்பரை நோய்தானே?

இல்லைங்க. அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்தது வைரஸ், பெரும்பாலும் பிரசவ நேரத்தில். பச்சைக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாகப் பார்ப்பதில்லை. அதனால் பிறக்கும்போது தொற்றினால் 100-க்குச் சுமார் 90 பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர்களில் 5-க்கும் குறைவு. அப்பாவுக்கு வந்து தானாகவே போயிருக்கலாம். கோர் ஆன்டிபாடி என்ற ரத்த டெஸ்ட்டில் தெரிந்துவிடும். தொற்றே வரவில்லை என்றால் உடனே தடுப்பூசி போடுங்கள். அம்மாவைத் தயவுசெய்து யாரும் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள்.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. செல்லுக்குள் புகுந்த வைரஸின் துண்டுகளை வெளியே நீட்டிக் காட்டுபவை எச்எல்ஏ என்ற புரதங்கள். அதைப் பார்த்துத்தான் டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்திச் செல்கள் தாக்க வருகின்றன. இந்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருடையவை வைரஸை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

அயர்லாந்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். 1970-களின் பிற்பகுதியில், ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மாருக்குப் போட்ட ஆன்டி-டி ஊசி மருந்தில் ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் வைரஸ் கலந்திருந்தது. பிள்ளையைக் காக்கப் போட்ட ஊசி அது. நினைத்தாலே மனசு கனக்கிறது. 1994-இல் தொடங்கிய பரிசோதனையில் 704 பெண்களுக்குத் தொற்றின் தடயம் இருந்தது. ஆனால் வைரஸ் இன்னும் ரத்தத்தில் இருந்தது 390 பேருக்குத்தான். ஒரே மருந்து, ஒரே வைரஸ். மற்றவர்களின் உடம்பு சிகிச்சை இல்லாமலே அதை விரட்டியிருந்தது. அப்படி விரட்டியவர்களிடம் எச்எல்ஏ-பி27 போன்ற சில வகைகள் அதிகம் காணப்பட்டன. முதுகுத்தண்டை இறுகவைக்கும் வாதத்தோடு தொடர்புடைய அதே பி27 தான்!

மூன்று டோஸ் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வரவில்லை மேடம். நான் நர்ஸ், பயமாக இருக்கிறது.

பெரியவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இப்படி ஆகும். எச்எல்ஏ வகை ஒரு காரணம். வயது, உடல் பருமன், புகைப்பழக்கமும் உண்டு. முதலில் ஹெபடைடிஸ் பி ஏற்கெனவே இருக்கிறதா என்று டெஸ்ட் எடுங்கள். இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி பாருங்கள். பலருக்கு இரண்டாம் சுற்றில் வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், வேலையில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்தினால், அன்றே இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை ஆன்டிபாடி ஊசி) தேவைப்படலாம். அதை இப்போதே உங்கள் மேலதிகாரியிடம் சொல்லி வையுங்கள்.

ஹெபடைடிஸ் சி இருக்கிறது. மரபணு டெஸ்ட் எடுக்கட்டுமா?

வேண்டாம். இன்டர்ஃபெரான் என்ற பழைய சிகிச்சை ஊசி காலத்தில், அது பலிக்குமா என்று கணிக்க ஐஎல்28பி என்ற மரபணுவின் டெஸ்ட் உதவியது. இன்றைய மாத்திரைகள் எந்த மரபணுவாக இருந்தாலும் 100-க்கு 95 பேரைக் குணப்படுத்துகின்றன, பெரும்பாலும் 12 வாரத்தில். அந்தப் பணத்தை மாத்திரைக்கு வையுங்கள்.