சர்வேயர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா? செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (காரைக்குடிப் பக்கம்): அண்ணே, அப்பா பேரில் இருந்த நிலத்தை மூன்று பேர் பிரித்துக்கொண்டு உட்பிரிவுப் பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கிறோம். அளக்க வர சர்வேயர் எட்டாயிரம் கேட்கிறார். கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டு அப்புறம் புகார் செய்யலாமா?

பதில்: கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள் தம்பி. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். நாள் கடந்தால் உங்கள் மேலும் வழக்கு வரலாம். முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தால் அந்தக் கவலையே இல்லை. 1064-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. சிவகங்கையிலும் அத்துறையின் பிரிவு இருக்கிறது.

புகாரை எழுதிக் கொடுங்கள். மனு எண், தேதி, எங்கே வைத்து, எவ்வளவு, என்ன வார்த்தையில் கேட்டார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். உண்மை என்று பட்டால் வழக்குப் பதிந்து பொறி வைப்பார்கள். வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர் இருவர் சாட்சியாக வருவார்கள். நோட்டு எண்களை எழுதிக்கொண்டு, நோட்டில் பினாப்தலீன் பொடியைத் தடவி உங்கள் சட்டைப் பையில் வைப்பார்கள். வாங்கியவரின் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும், அதுவரை வெறும் தண்ணீர் போல இருந்த கரைசல் ரோஸ் நிறமாகும். அதைப் பாட்டிலில் ஊற்றி, முத்திரை வைத்து, தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார்கள்.

கேஸ் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, பழக்க தோஷத்தில் அவருக்குக் கை கொடுத்துவிடுவது. பொடி அப்படியே ஒட்டும், 'கை குலுக்கியதில் வந்தது' என்று வக்கீல் வாதாடுவார். இன்னொன்று, அவர் கேட்கும் முன்பே நீங்களாகப் பணத்தை நீட்டுவது. கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சியானாலும் (முன் சொன்னதை மாற்றிப் பேசினாலும்) மற்ற சாட்சியங்களை வைத்து நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் சொன்னது, ஆனால் கேட்டதை நிரூபிக்காமல் தண்டனை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு உறுதி செய்தது. ஆகவே 'பட்டா விஷயமா வந்தேன் சார்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். அவர் வாயால் வரட்டும்.

கேள்வி (தேவகோட்டை, ஓர் ஆச்சி): ஆபீசில் யாரும் எங்களிடம் கேட்கவில்லை தம்பி. புரோக்கர்தான் 'உள்ளே கொடுக்கணும்' என்கிறார்.

பதில்: அந்தப் பணம் உள்ளே போகிறதா என்பதே சந்தேகம் ஆச்சி. இ-சேவை ரசீதில் மனு எண் இருக்கும், பேரப்பிள்ளையை விட்டு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நகரவில்லை என்றால் தகவல் உரிமை மனுவில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'என் மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, அங்கே எத்தனை நாள் இருந்தது?' பேர் எழுதவேண்டி வரும்போது கோப்பு தானாக நகரும்.

கேள்வி: எங்கள் தெரு சிமெண்ட் ரோடு ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் மழுப்பிப் பதில் வருகிறது.

பதில்: நீங்கள் 'ஏன் தரமில்லை?' என்று கேட்டிருப்பீர்கள். அந்தச் சட்டம் கையில் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர விளக்கம் தரச் சொல்லவில்லை. எஸ்டிமேட், ஒப்பந்த உத்தரவு, எம் புக் (முடித்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை, அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்கலாம். ஆவணத்தோடு நிறுத்த வேண்டாம். 2(ஜே) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும் சான்றளித்த பொருள் மாதிரி பெறவும் உரிமை தருகிறது, பலர் இதைக் கேட்பதே இல்லை.

எம் புக்கில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பில். இருப்பது 10 சென்டிமீட்டர்தான் என்றால் 15 கன மீட்டர் போடாமலே பணம் போயிருக்கிறது. கனத்தை ஓரத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ணில் படும் ஓரத்தை மட்டும் கனமாகப் போட்டுவிட்டு நடுவில் குறைப்பது வழக்கம். நடுவில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து அளக்கக் கேளுங்கள்.

கேள்வி (புதுவயல்): தெரிந்தவர் நடத்தும் சீட்டில் சேரலாமா?

பதில்: தெரிந்தவரா என்பதை விடப் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 1982-ஆம் ஆண்டின் மத்திய சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதியும் தொடக்கச் சான்றும் வேண்டும். சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் பிணை வைத்திருக்க வேண்டும். அவருக்குக் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது; லட்ச ரூபாய்ச் சீட்டில் ஏழாயிரம். ஒப்பந்த நகல் தரத் தயங்கினால் வேண்டாம்.

கேள்வி: ஊர்ப் பொதுப்பணம் கேட்டால் எல்லோரும் தர மறுக்கிறார்கள். பழைய கணக்குச் சண்டைதான் காரணம். என்ன செய்யலாம்?

பதில்: ஐந்தொகையை, அதாவது வரவு செலவு நிலுவை காட்டும் மொத்தக் கணக்கை, வெளியே வையுங்கள். கடல் கடந்து வட்டிக்கடை வைத்த காலத்திலும் முதலாளி ஊரில் இருந்தபடி நம்பியது வந்து சேர்ந்த கணக்கைத்தான். பழைய நிலுவையை மறைக்காமல் 'விவரம் இல்லாத தொகை இவ்வளவு' என்று தனி வரியாகக் காட்டுங்கள், அதைத் திணித்துச் சரிக்கட்டினால்தான் மறுபடி சண்டை வரும். புள்ளி (ஊர் வரி கொடுக்கும் குடும்பம்) வாரியாக வரவு, ரசீது எண்ணோடு செலவு. வங்கியில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று ரசீது எழுதாதவருடையதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவில் மண்டபத்தில் ஒட்டுங்கள், பாஸ்புக் நகலும் பக்கத்தில் இருக்கட்டும். ஊர் வரியைக் கூட்டும் பேச்சை முதல் வருஷம் எடுக்காதீர்கள்.