பர்மாவில் பழைய அரண்மனை ஹோட்டலில் தங்க முடியுமா?

ராஜஸ்தானில் இருப்பதுபோல் பர்மாவிலும் ராஜா வாழ்ந்த அரண்மனையில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யங்கோனில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் சென்னைச் சொந்தக்காரர்களும் என்னிடம் இதையே கேட்பார்கள். வழியில்லை என்பதுதான் பதில்.

மின்டோன் மன்னர் மண்டலேயில் கட்டிய தேக்கு அரண்மனை 1945 மார்ச்சில், போரில் எரிந்துபோனது. இன்று அகழிக்குள் நிற்பது 1990களில் கட்டியது, கான்கிரீட்டும் தகரமுமாக. ஆனால் அந்த அரண்மனைக்குள் மின்டோன் 1878-ல் இறந்த கட்டடத்தை மட்டும், அப்பாவின் ஆவி அங்கே உலவுகிறது என்று பயந்து, மகன் திபோ மதிலுக்கு வெளியே பிரித்துக் கொண்டுபோய் மடமாக்கிவிட்டார் என்பார்கள். அதனால் அது பிழைத்தது. ஷ்வேநந்தோ மடம் என்று கேட்டால் கொண்டுபோய் விடுவார்கள். உள்ளே தூண்களில் தங்கப்பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரண்மனை பார்க்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்.

யங்கோனில் கண்டோஜி ஏரிக்கரையில் 'பேலஸ்' என்று பெயர் வைத்த தேக்கு ஹோட்டல் ஒன்று இருந்தது. எந்த ராஜாவும் வாழ்ந்த இடமில்லை. அதுவும் 2017 அக்டோபரில் எரிந்துவிட்டது.

சரி, பழமையான இடத்தில் தங்கியே ஆக வேண்டுமென்றால் யங்கோனின் ஸ்ட்ராண்ட் ஹோட்டல். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலை நடத்திய அதே ஆர்மீனிய சார்க்கீஸ் சகோதரர்கள் 1901-ல் திறந்தது. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் தங்கினார் என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். அவர் ரங்கூன், அதாவது யங்கோன், வந்துபோனது 1889-ல்.

அத்தையின் அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே தங்கினோம். வெள்ளைக்காரர் காலத்தில் எதிரே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மவர்கள் விருந்தாளியாக நுழைய முடியாத வாசல் அது. அத்தை உள்ளே போகாமல் நின்று, "அப்பா இந்த வாசப்படி ஏறினதே இல்லடா" என்றார். பிறகு ஒரே சிரிப்பு. தேக்குத் தரை, உயரமான கூரை, மெதுவாகச் சுற்றும் விசிறி, அரக்குப் பெட்டியில் பர்மியப் பலகாரத்தோடு சாயங்கால டீ. கொடுத்த பணத்துக்கு எனக்குப் பிடித்தது அந்த டீதான். அதற்கு அறை எடுக்கவே வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் ஃபிரேசர் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள், நடந்தே போகலாம். இப்போது அனோரத்தா சாலை என்று பெயர். காளி கோயில் இருக்கிற தெரு. அப்புறம், யங்கோனில் எங்கே அறை எடுத்தாலும் மின்வெட்டு உண்டு. ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் அறை வாங்குங்கள்.