தனியாகக் கிடக்கும் வெள்ளைச் சீல் குட்டி

வணக்கம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள பெம்புரோக்‌ஷயர் சீல் (கடல்நாய்) கணக்கெடுப்பில் வெள்ளைக் குட்டி ஒன்று கரையில் தனியாகக் கிடந்தது, தாயைக் காணோம், கடலில் இறக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளை ரோமம் தண்ணீரில் குளிரைத் தடுக்காது. சாம்பல் சீல் குட்டி ஏறக்குறைய மூன்று வாரம் கரையிலேயே பால் குடித்துக் கொழுக்கும். தாய் பெரும்பாலும் பக்கத்து அலையில்தான் இருக்கும். ஆளைப் பார்த்தால் கரையேறத் தயங்கும். அதனால் நீங்கள் அக்கறையோடு அருகில் நிற்பதே குட்டி பால் குடிப்பதைக் கெடுத்துவிடலாம்!

பாறை உச்சிக்குப் போய், கீழேயிருந்து பார்த்தால் தலை வானத்துக்கு எதிராகத் தெரியாதபடி உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். உடம்பு பீப்பாய் மாதிரி இருந்தால் சரி. கழுத்தும் இடுப்பெலும்பும் தெரிந்தாலோ, காயமோ வலைச் சிக்கலோ இருந்தாலோ, கடல் விலங்குகளை மீட்கும் தொண்டு அமைப்பான பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூவைக் கூப்பிடுங்கள். தொடாதீர்கள், கடி மோசமாகச் சீழ்பிடிக்கும்.

அப்புறம், படிவத்தில் 'குட்டி 1' என்று மட்டும் எழுதாதீர்கள். ரோமம் முழு வெள்ளையா, உதிர்கிறதா, உதிர்ந்து முடிந்ததா என்று குறியுங்கள், வயது அதிலிருந்துதான் தெரியும். உதிர்ந்து முடிந்த குட்டி தனியாக இருப்பது இயல்பு. தாய் அதற்குள் போயிருக்கும்.