சில நூறு நானோமீட்டர் அகலமுள்ள பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் கலவை) வட்டில், காந்தமாக்கம் வட்டமாகச் சுற்றும் காந்தச் சுழலின் மையம் நானோ நொடிகளில் நகர்வதை எக்ஸ்-கதிரால் எப்படிப் படமெடுக்கிறார்கள்?

ஒருமுறை நடக்கும் அசைவைப் படமெடுப்பதில்லை. ஒரு எக்ஸ்-கதிர்த் துடிப்பில் கிடைக்கும் ஃபோட்டான்கள் போதாது. அதே அசைவைக் கோடிக்கணக்கான முறை நிகழவைத்துக் கூட்டுகிறார்கள். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அச்சாக அப்படியே திரும்பும் அசைவு மட்டுமே தெரியும். தற்செயலாக நடப்பது மங்கிப்போகும்.

பெர்லினில் உள்ள பெஸ்ஸி 2 என்ற சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் மையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எக்ஸ்-கதிர்த் துடிப்புகள் 2 நானோ நொடிக்கு ஒன்று, அதாவது 500 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன. அலைவெண்ணைத் தேர்வதில்தான் சூட்சுமமே இருக்கிறது. சுழலை அசைக்கும் கிளர்ச்சி மின்னோட்டத்தை 500 × 5/7, சுமார் 357 மெகாஹெர்ட்ஸில் கொடுத்தால், அடுத்தடுத்த துடிப்புகள் 2.8 நானோ நொடிச் சுழற்சியின் 7 வெவ்வேறு கட்டங்களில் விழும், படங்களுக்கிடையே 0.4 நானோ நொடி. 250 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் இரண்டே கட்டங்கள், படமெடுத்துப் பயனில்லை. துடிப்புகளைப் பிரித்தெண்ண வேகமான அவலாஞ்சி ஃபோட்டோடையோடு (ஃபோட்டான்களை உணரும் கருவி) வேண்டும்.

படத்தில் தெரியும் காந்த வேறுபாடு, மின்புலம் சுழன்றபடி வரும் வட்ட முனைவாக்கக் கதிரிலிருந்து வருகிறது. நிக்கல் எக்ஸ்-கதிரைத் திடீரென அதிகம் உறிஞ்சும் எல்3 விளிம்பில், சுமார் 853 எலெக்ட்ரான் வோல்ட்டில், காந்தமாக்கம் கதிர்த்திசையிலா எதிர்த்திசையிலா என்பதைப் பொறுத்து உறிஞ்சுதல் மாறும். மாதிரி கதிருக்குச் செங்குத்தாக இருந்தால் தளத்தைவிட்டு எழும் மையம் மட்டும் புள்ளியாகத் தெரியும். தளத்துக்குள் சுழலும் பகுதியைப் பார்க்க மாதிரியைச் சாய்க்க வேண்டும்.

அதிகம் கெடுப்பது வெப்பம். மாதிரி நிற்கும் சிலிக்கான் நைட்ரைடு சவ்வு மிக மெல்லியது, வெப்பத்தை வெளியே சரியாகக் கடத்தாது. மின்னோட்டத்தைக் கூட்டினால் சுழலின் ஒத்ததிர்வு அலைவெண் நகரும், மின்னோட்டம் செல்லும் கம்பிப்பட்டையே எரிந்தும் போகலாம்.