பட்டறைப் பதில்கள்: பள்ளத்தில் விழுந்ததும் ஆடும் ஸ்டியரிங்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஜீப்பும் மாருதி ஜிப்ஸியும்தான். டிராக்டர்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். ஒரு வேண்டுகோள்: என்ன மாடல், எந்த வருடம், எந்த இன்ஜின் என்று எழுதுங்கள். ‘ஜீப்பில் சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் எப்படி? சத்தம் வராத ஜீப் எங்கே இருக்கிறது?

கேள்வி (வால்பாறையிலிருந்து ஒரு வாசகர்): எங்களிடம் 1993 மாடல் மஹிந்திரா எம்.எம்.540 இருக்கிறது. 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் பயங்கரமாக வெட்டி ஆடுகிறது. வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்குகிறது. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பாக்ஸ் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் வெறும் சுற்று கூடும், வண்டி ரோட்டில் அலையும். பள்ளத்தில் விழுந்ததும் இப்படி வெட்டி ஆடுவது பெரும்பாலும் வேறு இடத்தில், முன் ஹவுசிங்கின் (முன் அச்சை மூடியிருக்கும் உறை) இரு முனைகளிலும், சக்கரம் இடம் வலம் திரும்பும் முளையான கிங் பின்னின் பேரிங்கில் தொடங்கும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் டிரம்மில்தான், அதாவது பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினால் இரு சக்கரங்களையும் தனித்தனியாகச் சுற்ற விடும் டிஃப்ரன்ஷியல் தன் வேலையைக் காட்டிவிடும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். மலையில் பஞ்சர் போடும்போது வண்டி தானாக நகர்ந்துவிட்டது என்று சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இனி முன் ஹவுசிங்கை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். சக்கரத்தின் மேலேயும் கீழேயும் கை வைத்து உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

வீல் பேரிங் என்றால் செலவே இல்லை. உள் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, பிடிக்கும் வரை இறுக்கி, அப்புறம் ஆறில் ஒரு பங்கு சுற்று திருப்பி விட வேண்டும். லாக் வாஷரின் நாக்கை மடித்து வெளி நட்டைப் போட்டுவிடலாம்.

கிங் பின் என்றால் மேல் மூடி, கீழ் மூடி இரண்டின் அடியிலும் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தேய்மானத்துக்கு ஏற்ப அவற்றை எடுத்தால் பேரிங் இறுகும். மேலே எவ்வளவு எடுக்கிறோமோ கீழேயும் அவ்வளவு எடுங்கள். ஒரே பக்கத்தில் எடுத்தால் உள்ளே ஆக்ஸில் ஜாயிண்ட் நடுவிலிருந்து விலகிவிடும். இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தோடு திரும்பும் நக்கிளைக் கையால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் கனமாக, சீராகத் திரும்ப வேண்டும். நேராக நிற்கும் இடத்தில் ஒரு குழிக்குள் விழுவதுபோல் ‘டக்’கென்று உட்கார்ந்தால் பேரிங் கப்பில் (வெளி வளையத்தில்) பள்ளம் விழுந்துவிட்டது; ஷிம் எடுத்துப் பயனில்லை, பேரிங்கை மாற்றுங்கள். வருடக்கணக்காக வண்டி நேராகவே ஓடி ஒரே இடத்தில் அடி வாங்கியதால் வருவது அது.

கிங் பின் நன்றாக இருந்தால் டை ராட் எண்டுகள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டையும் விரலால் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பழைய சி.ஜே. மாடல் ஜீப் வைத்திருப்பவர்கள் முன் கிராஸ் மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) இருக்கும், ஸ்டியரிங் அசைவை டை ராடுக்குக் கடத்தும் பெல் கிராங்க்கின் புஷ்ஷையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளின் யூ போல்ட், ஷாக்கிள் புஷ் இவற்றையும் அதே படுக்கையில் பார்த்துவிடுங்கள்.

ஸ்டியரிங் டாம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டினால் நின்றுவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நிற்கத்தான் செய்யும், கொஞ்ச நாள். தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். முதலில் ஆட்டத்தை எடுங்கள், டாம்பர் அப்புறம்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): அதே எம்.எம்.540, பியூஜோ டீசல் இன்ஜின். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: ஸ்ப்ரேயைத் தூக்கிப் போடுங்கள். இந்த இன்ஜினில், குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் இருக்கிறது. சூடான பிளக்கின் மேல் ஸ்ப்ரேயில் இருக்கும் ஈதர் பட்டால் நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் போகும்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படுங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டியைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வயரை வையுங்கள். பல்ப் எரிந்தால் அந்தப் பிளக்கின் கம்பி அறுந்துபோகவில்லை. எரியாததை மாற்றுங்கள்.

புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை, ஏர் பிடித்திருக்கிறது. ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவை லூஸ் செய்து கைப் பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை அடித்து இறுக்கவும். பிறகும் எடுக்காவிட்டால் நாசிலில் (டீசலைப் பீய்ச்சும் முனை) பைப்பைப் பிடிக்கும் நட்டுகளை ஒரு சுற்று லூஸ் செய்து செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கவும். அந்த வேளையில் விரலைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், டாக்டரிடம்தான் ஓட வேண்டும்.

ஏர் எடுத்ததும் ஓடி, மறுநாள் காலையில் மறுபடி அதே கதை என்றால் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்றை இழுக்கிறது. ஓடும்போது அந்தப் பக்கம் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் கீழே சொட்டாமலே காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் பலர் கண்டுபிடிக்க முடியாமல் பம்பைச் சோதிக்கும் லேப்புக்கு அனுப்பிக் காசைக் கரைக்கிறார்கள். பம்புக்குள் போகும் இடத்தில் ஓரடிக்கு டீசல் தாங்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸ் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடுவது தெரிந்தால் அங்கிருந்து டேங்க் வரை உள்ள ஹோஸ், கிளிப், காப்பர் வாஷர் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கேள்வி (காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி): தாத்தாவின் பெட்ரோல் ஜீப், 1967 மாடல். பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய நினைக்கிறேன். புதிய பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: பேட்டரியை இன்னும் மாட்டாதீர்களம்மா. நின்றுபோன இன்ஜினைச் செல்ஃப் போட்டுச் சுற்றுவது மோதிரத்தைப் பிடுங்கி விரலை முறிப்பது மாதிரி.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் வம்பு செய்யாமல் மறுபடி ஊறவிடுங்கள். பானெட் உயரமான வண்டி என்றால் உள்ளே இருப்பது ஹரிக்கேன் இன்ஜின். அதில் இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். அந்த உயரத்துக்காகத்தான் வில்லிஸ் கம்பெனி 1953இல் பானெட்டையே தூக்கி வைத்தது. நின்ற வண்டியில் அந்த எக்ஸாஸ்ட் வால்வுதான் ஒட்டிக்கொள்ளும். பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் இன்ஜினைச் சுற்றும்போது எது ஏறி இறங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பழைய ஆயிலை மாற்றுங்கள். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டுமே இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது, ஊறி உப்பிவிடும். எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் காண்டாக்ட் பாயிண்டை மெல்லிய அரத்தால் தேய்த்து 0.020 அங்குலம் இடைவெளி வையுங்கள், ஸ்பார்க் பிளக்குக்கு 0.030. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. முன்னால் இருப்பது ஒன்றாம் சிலிண்டர்.

பிரேக்கில் ஒன்றையும் பழையதாக விடாதீர்கள். பைப், ஹோஸ், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் எல்லாம் புதிது. ஓட வைப்பதற்கு முன்பே நிற்க வைக்கிற வேலையை முடித்துவிடுவது என் பட்டறை வழக்கம்.

வண்டி 50 வருடம் தாண்டியது என்பதால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்கும் தகுதி உண்டு. ஆனால் அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, ஊர்வலம், கண்காட்சி போன்றவற்றுக்குத்தான். டீசல் இன்ஜின் தூக்கி வைக்கும் எண்ணம் யாராவது கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றக் கூடாது. என் சொந்த அபிப்பிராயம்: அந்த பெட்ரோல் இன்ஜினின் சத்தத்தை விட்டுவிட்டு டீசலுக்குப் போகிறவர்களை நான் புரிந்துகொள்ளவே இல்லை.

கேள்வி (செம்மேடு, கொல்லிமலை): மலை இறங்கி முடிக்கும்போது ஜீப் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வண்டி ஆறிய பிறகு சரியாகிவிடுகிறது.

பதில்: எழுபது கொண்டை ஊசி வளைவு. நான்கும் டிரம் பிரேக். ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கே தெரிகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். அந்தச் சூட்டில் பைப்புக்குள் ஆவி, பெடல் பஞ்சு.

முழுவதும் மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். பெடல் எப்படிப் பேசுகிறது என்றும் கவனியுங்கள். இரண்டு மூன்று தடவை அடித்தால் உயர்கிறது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட் செய்தால் போதும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் கப் போயிற்று. அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி (கூடலூர் வாசகர்): ஜிப்ஸியில் ஆற்றைக் கடந்து போவது வழக்கம். ஹவுசிங் ஆயில் பால் போட்ட டீ மாதிரி வருகிறது. சீலை மாற்றியும் தீரவில்லை.

பதில்: ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதரை (காற்று போய்வரும் சிறு வழி) பாருங்கள், மண் அடைத்திருக்கும். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்குகிறது. பிரீதர் வழியாகக் காற்று வர வழியில்லாததால் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி இன்ஜின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். பால் நிற ஆயிலை உடனே மாற்றுங்கள், பேரிங் துருப்பிடிக்கும்.

கேள்வி (போடி வாசகர்): ஜீப் கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

பதில்: பக்கத்து வீட்டுக்கு. கியர் பாக்ஸின் முதுகில்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்திருக்கிறது. இடையில் மெயின் ஷாஃப்ட் வழியாக ஆயில் அங்கே நகரும். டிரான்ஸ்ஃபர் கேஸின் லெவல் பிளக்கைத் திறந்தால் கொட்டும் பாருங்கள். இரண்டின் அளவையும் அடிக்கடி சரி பார்த்துக்கொண்டால் பல காலம் ஓட்டலாம். பாக்ஸ் இறக்கும்போது சீலைப் போட்டுக்கொள்ளலாம். கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4 ஆயில் கேளுங்கள். ஜி.எல். 5 வகைகள் சிலவற்றில் இருக்கும் கந்தக மருந்து கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது.

ஆயில் மாற்றும்போது வடிக்கும் பிளக்குக்கு முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வராவிட்டால் பழைய ஆயிலாவது உள்ளே இருக்கும்.

கேள்வி (ஏலகிரி வாசகர்): ஃபோர் வீல் லீவரைப் போட்டேன், எடுக்க வரவில்லை.

பதில்: தார் ரோட்டில் போட்டு வளைத்திருப்பீர்கள். கொஞ்ச தூரம் ரிவர்ஸில் நேராக வாருங்கள், தானாக வரும். இனி மண்ணிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள்.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): வீட்டில் வேலை செய்ய எந்த ஸ்பானர் செட் வாங்குவது?

பதில்: எம்.எம்.540 என்றால் இரண்டு செட். சேஸிஸ், ஹவுசிங் எல்லாம் பெரும்பாலும் அங்குலம், பியூஜோ இன்ஜின் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பானர் நுழைந்துவிடும், மூலையைத் தேய்த்து உருட்டியும் விடும். 9/16 அங்குல நட்டுக்கு 14 நுழையாது, 15 லூஸ். ஜிப்ஸிக்கு மில்லிமீட்டர் மட்டும் போதும்.