நெய் எப்போது வெளுத்தது?

கேள்வி: ஐயா, எங்கள் ஜெர்சி கலப்புப் பசு ஆடியில் கிடேரிக்கன்று ஈன்றது. கன்றின் கண் திறந்தே இருக்கிறது, பூவும் விழவில்லை. ஆனால் மடியைத் தேடத் தெரியாமல் சுவரில் முட்டுகிறது. கடையில் கொடுத்த சொட்டு மருந்தைப் பத்து நாளாக விடுகிறோம். தை அறுவடைக்கு அப்புறம் மாட்டுக்கு வைக்கோலும் தவிடும்தான். வேறு சொட்டு மருந்து மாற்றலாமா?
– ஒரு விவசாயி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மாற்ற வேண்டாம், நிறுத்திவிடுங்கள். இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்பாவை சுருங்காமல் அகலமாகவே நின்றால் கோளாறு உள்ளே, நரம்பில். வயிற்றில் இருக்கும்போது வைட்டமின் ஏ கிடைக்காத கன்றுக்குப் பார்வை நரம்பு செல்லும் எலும்புத் துளை குறுகி, நரம்பு நசுங்கிவிடும். அந்தப் பார்வை ஊசி போட்டாலும் திரும்பாது. கருவில் தொற்றும் வைரஸாலும் இப்படிப் பிறப்பதுண்டு. கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

நீங்கள் தாயைப் பற்றியல்லவா கேட்டிருக்க வேண்டும்? பொழுது சாய்ந்ததும் அதைப் பழகாத இடத்தில் நடத்திப் பாருங்கள். வழியில் கிடக்கும் வாளியில் இடறினால் மாலைக்கண். அது வைட்டமின் ஏ ஊசியில் தெளியும்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் சத்து அதிலும் இல்லை, தவிட்டிலும் இல்லை. மழைக்காலத்தில் தின்ற பச்சை ஈரலில் சேர்ந்து சில மாதம் தாங்கும். உங்கள் மாட்டுக்கு அந்த இருப்பு தீர்ந்த நேரமும் சினை முற்றிய நேரமும் ஒன்றாக வந்திருக்கிறது. பால் வற்றுமுன் உருக்கிய நெய்யைக் கவனித்தீர்களா? பசுநெய்யின் மஞ்சள் பச்சைத் தீவனம் தந்த நிறம். அது வெளுத்தபோதே மாடு சொல்லிவிட்டது. (எருமைக்காரர்கள் இந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம், அந்த நெய் எப்போதும் வெள்ளைதான்.)

கடைக்காரர் அடுத்து ஈரல் டானிக் நீட்டுவார். கண்ணைப் பார்க்காமலே சொட்டு மருந்து விற்றவரிடம் இதையும் வாங்காதீர்கள். தாது உப்பையே வைட்டமின் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. பாக்கெட்டின் பின்புறம் படியுங்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்த பாட்டிலில் வைட்டமின் ஏ நிற்காது.

அந்தக் காசுக்கு அகத்தி விதை வாங்குங்கள். குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் ஊன்றுங்கள், இடம் இருந்தால் வேலிமசால் என்ற தீவனச் செடியும் போடுங்கள். சினைமாட்டுக்குத் தினம் மூன்று நான்கு கிலோ பச்சை. மிஞ்சிய தழையை வெயிலில் காயவைத்தால் கரோட்டின் போய்விடும், நிழலில் உலர்த்துங்கள். அகத்தியை ஐப்பசி மழைக்கு ஊன்றினால் ஆனியில் முதல் வெட்டு. அதுவரை வீட்டு முருங்கையை ஒடித்துப் போடுங்கள்.