பூவெளிக்குப் போகும் முன் எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வசந்த காலத்தில் பூத்துக் கிடக்கும் மலைச்சரிவுகளைப் படமெடுக்கிறேன். கண்ணுக்குக் கம்பளம் விரித்ததுபோல் தெரிவது, படத்தில் பச்சைப் புல்லும் அங்கங்கே சில புள்ளிகளுமாகத்தான் வருகிறது. என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி கேமராவும் (படத்தைப் பதியும் சென்சார் சிறியதாக உள்ள வகை) அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும். சென்சார் பெரியதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குறை கேமராவில் இல்லை, நீங்கள் அதைப் பிடிக்கும் உயரத்தில் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் பூவுக்கும் பூவுக்கும் இடையிலுள்ள மண்ணும் புல்லும் ஒளிவுமறைவின்றித் தெரியும். முழங்கால் உயரத்துக்கு இறங்குங்கள். முன்வரிசைப் பூக்கள் பின்னாலுள்ள இடைவெளிகளை மறைத்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதால் எந்தக் கடையிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இரண்டாவது வழி, தூரத்தில் நின்று சரிவின் ஒரு சிறு பகுதியை மட்டும் தூரக் காட்சியைப் பெரிதாக்கும் நீண்ட லென்ஸால் எடுப்பது. அடுக்கடுக்காக இருக்கும் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி வந்ததுபோல் தோன்றும். பணம் செலவழித்தே தீருவேன் என்றால் பழைய 55-200 அல்லது 70-300 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். புதிய கேமராவின் விலையில் சிறு பங்குதான் ஆகும். நீண்ட லென்ஸுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. பாதையை விட்டு இறங்காமலே படம் எடுக்கலாம். 2019இல் கலிபோர்னியாவின் வாக்கர் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு நிறப் பாப்பிகள் பூத்தபோது, கூட்டம் தாங்காமல் அருகிலுள்ள லேக் எல்சினோர் நகர நிர்வாகம் வழியைத் தற்காலிகமாக அடைத்தது. 2023இல் அங்கே யாரையும் விடவே இல்லை. படத்துக்காகப் பூக்களின் நடுவே போய் உட்கார்ந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அருகில் ஒரு பூங்கொத்து, பின்னால் மலை, இரண்டும் தெளிவாக வேண்டும் என்றால் உங்கள் 18-55 லென்ஸே போதும். 18 மி.மீ.யில் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) எஃப்/11இல் வைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். முக்கால் மீட்டரிலிருந்து மலை உச்சிவரை ஓரளவு தெளிவாக வந்துவிடும்.

ஃபுல் ஃபிரேமால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மங்கிய வெளிச்சத்தில், ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) உயர்த்த வேண்டிய நேரத்தில், அது உதவும். ஆனால் கேமராவோடு செலவு நிற்காது. ஏபிஎஸ்-சிக்கென்று செய்த லென்ஸுகளை அதில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். எனவே லென்ஸுகளையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைக் கடைக்காரர் உங்களிடம் சொன்னாரா?

கேள்வி: ஒற்றைப் பூவை நெருங்கி எடுக்க ஆசை. 60 மி.மீ. மேக்ரோவா, 100 மி.மீ. மேக்ரோவா? எக்ஸ்டென்ஷன் டியூப் போதும் என்கிறான் நண்பன்.

பதில்: நண்பர் சொல்வதை முதலில் கேளுங்கள். மேக்ரோ லென்ஸின் பெருமை 1:1 அளவு, அதாவது பொருள் சென்சாரில் அதன் உண்மையான அளவிலேயே பதிவது. 4 செ.மீ. அகலமுள்ள பூவுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. மகரந்தத்தையும் எறும்பையும் எடுப்பவருக்குத்தான் முழு 1:1 வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெறும் வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. அதனால் மலிவானதை வாங்கினாலும் படத்தின் தரம் கண்ணாடியால் கெடாது. 50 மி.மீ. லென்ஸோடு 25 மி.மீ. டியூப்பைச் சேர்த்தால், லென்ஸ் ஏற்கெனவே தரும் உருப்பெருக்கத்தோடு இன்னும் 0.5 (1:1இல் பாதி) கூடும். மின்தொடர்புப் புள்ளிகள் இல்லாத டியூப்பை மட்டும் வாங்காதீர்கள். இன்றைய லென்ஸுகள் பெரும்பாலானவற்றில் அபெர்ச்சரைக் கேமராதான் இயக்குகிறது, தொடர்பு அறுந்தால் அதை மாற்ற வழியிருக்காது. டியூப்பை மாட்டியிருக்கும்வரை தூரத்து மலையில் ஃபோகஸ் விழாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பூக்காலம் முழுக்க டியூப்போடு சுற்றிய பிறகும் மனம் மேக்ரோவையே கேட்டால் 100 மி.மீ. வாங்குங்கள். 1:1 அளவில் 60 மி.மீ. லென்ஸின் முகப்பு பூவுக்கு 10 செ.மீ.க்குள் போய்விடும். உங்கள் நிழலே பூவின்மேல் விழும்.

கேள்வி: லென்ஸ் வாங்கியபோது யூவி ஃபில்டரையும் தலையில் கட்டிவிட்டார்கள். அவசியமா?

பதில்: இல்லை. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கீறல் பயம் என்றால் லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹுட் போதும். கடல் உப்பும் மணலும் பறக்கும் இடத்தில் மட்டும் யூவி ஃபில்டரை மாட்டிக்கொள்ளுங்கள்.

பூவெளிக்கு வேண்டியது போலரைசர் என்ற ஃபில்டர். இலையும் இதழும் வெயிலில் வெள்ளையாக மினுக்கும், அந்த மினுக்கத்தை நீக்கி உள்ளே இருக்கும் நிறத்தை அது வெளிக்கொண்டு வரும். வானம் மூடியிருக்கும்போதும், தூறல் நின்ற பிறகும் அதன் வேலை நன்றாகத் தெரியும். கணினி மென்பொருளால் இதை அப்படியே ஈடுசெய்ய முடியாது. பதிலுக்கு 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). மிக அகலமான லென்ஸில் நீல வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து அசிங்கமாகும்.

வாங்கும்போது சோதிக்க எளிய வழி உண்டு. திருகு மரையுள்ள பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்க, எல்சிடி திரை ஒன்றை அதன் வழியாகப் பார்த்தபடி சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை நன்றாக இருண்டால் போலரைசர் வேலை செய்கிறது. பிறகு வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். மஞ்சளோ பச்சையோ அதிகம் படிந்திருந்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள். உங்கள் லென்ஸுகளில் பெரிய விட்டத்துக்கு ஒன்றை வாங்கி, மற்றவற்றுக்கு, பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் பொருத்தும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொண்டால் செலவு மிச்சம். அப்போது அந்தச் சிறிய லென்ஸுகளில் ஹுட் மாட்ட முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: 10 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் ட்ரைபாட் நல்லதா? காற்றில் பூ ஆடி மங்குவதை அது தடுக்குமா?

பதில்: எடைக் கணக்கை நம்பி வாங்காதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் வழியில் அளக்கிறது. கடையிலேயே கால்களை முழுக்க விரித்துப் பாருங்கள். கேமரா தரைக்கு ஒரு சாண் அருகே இறங்குகிறதா, நடுத்தண்டு இடிக்கிறதா என்பதே உங்கள் கேள்வி. பூ உயரத்துக்கு இறங்காத ட்ரைபாட் இந்த வேலைக்கு ஆகாது.

பூ ஆடுவதை எந்த ட்ரைபாடும் தடுக்காது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷனும் உங்கள் கைநடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். 1/250, காற்று பலமானால் 1/500 நொடி என்று ஷட்டர் வேகத்தை உயர்த்துங்கள், ஐஎஸ்ஓ கூடினால் கூடட்டும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் என்பது சரிதான். ஆனால் கலிபோர்னியா பாப்பியும் தென்னாப்பிரிக்க நமக்வாலாந்தின் டெய்சிகளும் வெயில் ஏறிய பிறகே விரியும். முன்னதாகப் போனால் அசையாத மொட்டுகள்தான் கிடைக்கும்.

கேள்வி: இணையத்தில் பழைய லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இரு பக்க மூடியையும் கழற்றி, டார்ச் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பாருங்கள். சிலந்தி நூலைப்போல் கிளைத்திருந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். நாலைந்து தூசுத் துகள்களைப் பொருட்படுத்த வேண்டாம், படத்தில் தெரியாது. பிறகு தூரத்திலுள்ள ஒரே காட்சியை அபெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கலாம். இந்தச் சோதனைகளைச் செய்ய நேரமும் திருப்பி அனுப்ப அவகாசமும் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

‘புதியது, பாதி விலை’ என்றால் கிரே மார்க்கெட் (தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ வழியில் வராத) இறக்குமதியாக இருக்கலாம். தயாரிப்பாளரின் உத்தரவாதம் உங்கள் நாட்டில் செல்லுமா என்பதை வரிசை எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பூப்படங்களுக்கென்று ‘ப்ரீசெட்’ (மென்பொருளில் படத்தை ஒரே சொடுக்கில் திருத்தும் அமைப்பு) தொகுப்புகள் விற்கிறார்களே?

பதில்: அவற்றில் பெரும்பாலானவை நிறத்தைக் கூட்டுவதையே செய்கின்றன. சிவப்பு, மஞ்சள் பூக்களில் ஏற்கெனவே சிவப்பு நிறத் தரவு எல்லையைத் தொட்டிருக்கும். மேலும் கூட்டினால் இதழின் நரம்புகள் மறைந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். பல கேமராக்களிலேயே நிறவாரியான ஹிஸ்டோகிராம் (ஒவ்வொரு நிறத்தின் வெளிச்ச அளவையும் காட்டும் வரைபடம்) இருக்கிறது. அதில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரைக் (பதியும் ஒளியின் அளவை) குறைத்து, சென்சார் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். தொகுப்புக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்துக்கு உபரி பேட்டரி ஒன்று வாங்குங்கள்.